எறியும் கையும் எடுக்கும் கையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒடுக்கப்பட்ட மக்கள் தம் சிறு சேமிப்பைக் கொண்டு தொடங்கிய ஒரு கல்விக் கழகம் 25 ஆண்டுகள் நிலைத்து நின்று வெள்ளி விழாக் காண்பது எளிய செயலன்று. கைநாட்டு வைத்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றனர். இந்த நன்னாளில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை நம் இல்லங்களில் குறைத்தல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர்.

கல்வி, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு, நில உரிமை ஆகியவை பேசப்பட வேண்டிய மேடையில் குப்பையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் குப்பையோடு சேர்த்தே எண்ணி வந்த சமுதாயத்தில் அந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், குப்பையைப் பற்றிப் பேசும் உரிமையும் கடமையும் பிற எவரையும்விட நமக்கே மிகுதி என்பது நமது துணிபு. இந்நாட்டில் எறியும் கை எவருடையதாயினும், எடுக்கும் கை பெரும்பாலும் நம் மக்களுடைய கையாகவே இருந்து வருகிறது. ஆகவே இதனைச் சுற்றுச்சூழல் பற்றிய பேச்சாக மட்டும் கொள்ளாமல், சுயமரியாதை பற்றிய பேச்சாகவும் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

பிளாஸ்டிக் வந்த வழி

பிளாஸ்டிக் என்னும் நெகிழி மிகப் பழைய பொருளன்று. முழுவதும் செயற்கையாக ஆக்கப்பட்ட முதல் நெகிழியான பேக்கலைட்டை லியோ பேக்லாண்ட் 1907இல் உருவாக்கினார். இன்று பைகளாகவும் உறைகளாகவும் நம் வீடெங்கும் கிடக்கும் பாலித்தீன், 1933இல் இங்கிலாந்தின் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில், வேறொன்றை நாடிய ஆய்வின்போது எதிர்பாராமற் கிடைத்தது. கைப்பிடியுடன் கூடிய பாலித்தீன் பைக்கு 1965இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் பிறந்தபோது இல்லாத பொருள் இன்று நம் வாசலில் மலையாகக் குவிந்துள்ளது.

2017இல் வெளிவந்த ஆய்வொன்று, 2015ஆம் ஆண்டு வரை உலகில் ஆக்கப்பட்ட நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன் என்றும், அதில் 630 கோடி டன் கழிவாகி விட்டது என்றும் கணக்கிட்டது. அக்கழிவில் மறுசுழற்சிக்கு வந்தது நூற்றுக்கு 9 பங்கு. எரிக்கப்பட்டது 12 பங்கு. எஞ்சிய 79 பங்கு குப்பை மேடுகளிலும் மண்ணிலும் நீரிலும் தேங்கியது. "மறுசுழற்சி செய்துவிடலாம், கவலை வேண்டா" என்போர் இந்த 9 என்னும் எண்ணை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனினும், நெகிழியை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது நமது நோக்கமன்று. தொலைவிலுள்ள குழாயிலிருந்து நீர் சுமந்து வரும் நம் தாய்மார்க்குப் பித்தளைக் குடமும் மண் குடமும் தந்த பாரத்தைப் பிளாஸ்டிக் குடம் குறைத்தது. மருத்துவமனையின் ஊசிக் குழலும் குருதிப் பையும் அதனால் ஆனவை. ஒரு குடம் பல ஆண்டுகள் உழைக்கிறது. நாம் குறை கூறுவது, பத்து நிமிடப் பயனுக்குப் பிறகு பல்லாண்டுகள் அழியாமற் கிடக்கும் பொருளையே. கடைப் பை, தேநீர்க் குவளை, உறிஞ்சுகுழல், சோற்றுப் பொட்டலத்தின் தாள், ஷாம்பூ உறை ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை.

தேநீர்க் கடையும் எறியும் குவளையும்

இப்பொருள்களுள் தேநீர்க் குவளைக்கு நம் வரலாற்றில் தனியொரு பக்கம் உண்டு. பிறர் இதனைப் பேசமாட்டார்கள். ஆதலால் நாமே பேசுதல் வேண்டும்.

நம் முன்னோர் காலத்தில் பல சிற்றூர்களில் நம்மவர்க்குத் தேநீர் கொட்டாங்கச்சியில் ஊற்றப்பட்டது. பின்னர்த் தனிக் குவளை வந்தது. கடையின் புறத்தே வைக்கப்பட்டிருக்கும் அக்குவளையை நாமே எடுத்து, குடித்தபின் நாமே கழுவி, நாமே வைத்தல் வேண்டும். இதுவே இரட்டைக் குவளை முறை எனப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாகப் பிறந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய சட்டமோ, உணவகத்தில் பொதுமக்களுக்கென வைத்துள்ள பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்தாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதும் குற்றம் என வெளிப்படையாகவே கூறியது. பாத்திரம் என்னும் சொல்லையே ஒரு சட்டத்தில் எழுத வேண்டிய நிலையில் இந்நாடு இருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

சட்டத்திற்கு அஞ்சிய சில கடைக்காரர்கள் புதியதொரு வழி கண்டனர். தனிக் குவளையை எடுத்துவிட்டு, ஊர்த் தெருவினர்க்குக் கண்ணாடிக் குவளையிலும், நம் தெருவினர்க்குக் குடித்தவுடன் எறியும் பிளாஸ்டிக் குவளையிலும் தேநீர் தந்தனர். கேட்டால், தூய்மைக்காக என்றனர். கழுவ வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, சான்றும் எஞ்சுவதில்லை. கொட்டாங்கச்சி செய்த வேலையைப் பிளாஸ்டிக் குவளை ஓசையின்றிச் செய்தது.

ஆதலால், "பிளாஸ்டிக் குவளையைத் தவிர்ப்பீர்" என்னும் அறிவுரையை நாம் கேட்கும்போது, "அதன் இடத்தில் வரப்போவது எது?" என்று உடனே கேட்டல் வேண்டும். எறியும் குவளை போய், மீண்டும் இருவகைக் குவளை வருமாயின் அது சீர்திருத்தம் ஆகாது. "அவரவர் குவளையை அவரவர் கொண்டு வாருங்கள்" என நகரத்து நண்பர்கள் நல்லெண்ணத்தோடு கூறுவர். நகரத்தில் அது நல்ல வழக்கமே. ஆனால் சொந்தப் பாத்திரத்தோடு கடை வாயிலில் நிற்குமாறு ஒரு மக்கட் கூட்டத்தை வற்புறுத்திய சிற்றூர்களும் இந்நாட்டில் உண்டு. அங்கே இவ்வறிவுரை பழைய புண்ணைக் கிளறும். ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. கடையில் அமர்ந்து அருந்துவோர் அனைவர்க்கும் ஒரே வகைக் குவளை. அஃது எவர்சில்வர் ஆகட்டும், கண்ணாடி ஆகட்டும், வெந்நீரில் நன்கு கழுவப்பட்டு, ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பொட்டலமாக வாங்கிச் செல்வோர் மட்டும், எச்சாதியினராயினும், தம் பாத்திரத்தைக் கொண்டு வரட்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம்மவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். குடிக்கும் நீரும் குடிக்கும் கலமும் பொதுவாதல் வேண்டும் என்பது நமது பழைய போராட்டம். பொதுக் குவளையைக் கேட்டுப் பெறுவது அதன் தொடர்ச்சியே.

முடிச்சை அவிழ்க்கும் விரல்கள்

இனி, எடுக்கும் கையைப் பற்றிச் சில கூறுவோம். நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தூய்மைப் பணி செய்வோரில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர், ஆதிதிராவிடர் முதலிய நம் இனத்து மக்கள் என்பதை நாம் அறிவோம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட "சாதி ஒழிப்பு" என்னும் உரையில், சாதி வெறும் தொழிற் பங்கீடாக நில்லாமல், உழைக்கும் மக்களையே மேல் கீழ் என அடுக்கி வைப்பதை விளக்கினார். அந்த அடுக்கின் அடித்தட்டில் குப்பைக் கூடை வைக்கப்பட்டது.

ஒரு வீட்டில் எஞ்சிய சோறு, மீன் முள், உடைந்த கண்ணாடித் துண்டு, குழந்தையின் கழிவுத் துணி, மாதவிடாய் அணையாடை ஆகிய அனைத்தையும் ஒரே பாலித்தீன் பையில் திணித்து, வாயை இறுக முடிச்சிட்டுத் தெருவில் வைக்கின்றனர். வைத்தவர்க்கு வேலை முடிந்தது; மணம் இல்லை, காட்சியும் இல்லை. ஆனால் அம்முடிச்சை யாரேனும் ஒருவர் அவிழ்த்தே ஆகவேண்டும். காற்றுப் புகாமல் உள்ளே அழுகிய கழிவு அவர் முகத்தில் நாற்றத்தை வீசுகிறது. கண்ணாடித் துண்டு அவர் விரலைக் கிழிக்கிறது. பிறருடைய குருதி படிந்த துணியை அவர் கையால் பிரிக்கிறார். எறிந்தவர் அவரை அறியார்; அவரும் எறிந்தவரை அறியார். இருவர்க்கும் இடையே உள்ள அந்தப் பாலித்தீன் பை, தீண்டாமையின் புதிய திரையன்றி வேறென்ன?

கழிவுநீர்க் குழாய்களில் நிகழ்வதோ இன்னும் கொடிது. நெகிழிப் பைகளும் அணையாடைகளும் குழாயினுள் சிக்கிக் கொள்கின்றன, எண்ணெய்ப் பிசுக்கு அவற்றின்மேல் படிகிறது, நீரோட்டம் தடைப்படுகிறது, தேங்கிய கழிவிலிருந்து நச்சு வாயு எழுகிறது. அடைப்பை நீக்க ஒரு மனிதரை இறக்குகின்றனர். இக்கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, இறப்பு நின்றபாடில்லை. குழாயில் நாம் போடாத ஒவ்வொரு பையும், ஒருவர் உள்ளே இறங்குவதற்கான காரணங்களுள் ஒன்றைக் குறைக்கிறது.

நகரத்தார் எறிவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் நோக்குக. சென்னையின் கழிவு நெடுங்காலமாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கொட்டப்பட்டு வந்தது. கொடுங்கையூரைச் சூழ வாழ்வோர் வடசென்னையின் உழைக்கும் மக்கள். பெருங்குடி மேடு, 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே பற்றிய தீயின் புகை சுற்றுப்புற மக்களைப் பல நாள் வாட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் சென்னையின் சேற்றையும் குப்பையையும் அகற்ற வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில், இரு மண்டலங்களின் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து ரிப்பன் கட்டடத்தின் முன் நாள்கணக்கில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. இறுதியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். குப்பையைக் குறைப்பது பற்றிப் பேசுவோர், குப்பை அள்ளுவோரின் ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் பேசாதிருத்தல் அறமாகாது.

சட்டம் கூறுவன

சட்டங்கள் இல்லாமல் இல்லை. வங்காளதேசம், வெள்ளக் காலத்தில் மெல்லிய பைகள் வடிகால்களை அடைத்த துன்பத்தைக் கண்டு, 2002இலேயே அவற்றிற்குத் தடை விதித்தது. நம் தமிழ்நாட்டில், 2018 ஜூன் 5ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல், எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. கைப்பைகள், தேநீர்க் குவளைகள், தெர்மாக்கோல் தட்டுகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், உறிஞ்சுகுழல்கள், உணவு மேசையில் விரிக்கும் தாள் முதலியன அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பர் 23ஆம் நாள் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கப்பெற்றது. நடுவண் அரசும் 2022 ஜூலை 1 முதல் இத்தகைய பல பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

இரு செய்திகளை மட்டும் இங்கே தெளிவுபடுத்துவோம். காகிதக் குவளை தீங்கற்றது எனப் பலர் நம்புகின்றனர். சூடான தேநீரில் அது நனைந்து போகாமல் இருப்பதற்குக் காரணம், உட்புறத்தே பூசப்பட்ட மெல்லிய நெகிழிப் படலமே. ஆகையால் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் உள்ளது. துணிப்பை போலத் தோன்றிக் கடைகளில் தரப்படும் நெய்யாப் பையும் நெகிழி இழையால் ஆனதே. 2019இல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருந்தது. நூலிழை ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்டு தெளிந்த பின்னரே துணிப்பை எனக் கொள்ளுங்கள்.

சட்டம் ஏட்டில் இருந்தும் பைகள் கடையில் தொங்குகின்றன. சிறு கடைக்காரரிடம் தண்டம் வாங்குவது எளிது. ஆலையை நிறுத்துவது அரிது. எனினும் சட்டம் முழுமையாகச் செயற்படும் நாள் வரை காத்திராமல், நம் இல்லங்களில் நாம் செய்யக்கூடுவன பல.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, பை. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இரண்டு பைகள் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 730 பைகள் ஆகின்றன. 200 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் அது 1,46,000. ஒரு மஞ்சப்பையை மடித்து மிதிவண்டியிலோ, வேலைக்குச் செல்லும் கைப்பையிலோ வைத்திருந்தால் இத்தொகை தானாகவே குறையும். ஒருகாலத்தில் மஞ்சப்பை ஏந்தி வந்தவரைப் பட்டிக்காட்டார் என நகைத்தனர்; 2022இல் கோயம்பேட்டுச் சந்தையில் பத்து ரூபாய் இட்டால் மஞ்சப்பை தரும் பொறியை அமைத்தனர். ஆகவே நாணுதற்கு ஏதுமில்லை. பை எடுத்துச் செல்வது வீட்டுப் பெண்டிரின் கடமை என ஆடவர் ஒதுங்குதல் கூடாது. கடைக்குப் போகிறவர் எவரோ அவரே பை கொண்டு போதல் வேண்டும்.

இரண்டாவது, பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கும் மீனுக்கும், அன்றாடம் மாவுக்கும் மூடியுள்ள தூக்குவாளியைக் கொண்டு செல்லுங்கள். கொதிக்கும் சாம்பாரையும் தேநீரையும் பாலித்தீன் பையில் கட்டி வாங்குவதை அறவே விடுங்கள். சூட்டில் நெகிழியிலுள்ள வேதிப் பொருள்கள் உணவில் கலக்கக்கூடும். பள்ளி செல்லும் பிள்ளைக்கு எவர்சில்வர் நீர்ப்புட்டி ஒன்று வாங்குவது, ஆண்டு முழுதும் தண்ணீர்ப் புட்டி வாங்குவதைவிட மலிவு.

மூன்றாவது, சிறு உறைகள். ஷாம்பூவைச் சிறு உறையிலிட்டு விற்கும் முறையை நம் நாட்டில் முன்னெடுத்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பர். பெரும் புட்டி வாங்க இயலாத எளியோர்க்கு அது வசதியாக அமைந்தது மெய்யே. நாட்கூலி பெறுவோர் நாட்செலவாகத்தான் வாங்க முடியும். அதற்காக அவர்களைக் குற்றம் கூறுவது முறையன்று. ஆனால் அவ்வுறை பல அடுக்குகளை ஒட்டி ஆக்கப்படுவதால் பழைய பொருட் கடையிலும் விலை போவதில்லை, தெருவிலேயே கிடக்கிறது. இதற்கு நாம் கூறும் வழி கூட்டுக் கொள்முதலே. பத்துப் பெண்கள் கொண்ட ஒரு சுயஉதவிக் குழு, எண்ணெயும் சவர்க்காரத் தூளும் ஷாம்பூவும் பெரிய கொள்கலத்தில் வாங்கி, அவரவர் புட்டியில் அளந்து பங்கிட்டுக் கொள்ளலாம். முன்பு நம் தெருக் கடையில் எண்ணெயை உழக்கால் அளந்து நம் புட்டியில் ஊற்றியது போன்றதே இது. உறை குறையும், காசும் மிஞ்சும்.

நான்காவது, தீ. பாலித்தீன் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. உடனே பற்றுகிறது என்பது மெய். ஆனால் அப்புகை முதலில் புகுவது அடுப்பின் முன் அமர்ந்துள்ள தாயின் நுரையீரலிலும், அவள் மடியிலுள்ள குழந்தையின் நுரையீரலிலும் ஆகும். பி.வி.சி. வகை நெகிழி எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. தென்னம்பாளையும் காய்ந்த மட்டையும் இருக்க, நஞ்சால் அடுப்பு மூட்டுதல் வேண்டா.

ஐந்தாவது, பிரித்தல். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருமாறு குடும்பங்களைப் பணித்தன. மக்குவது நம் வீட்டுக் கீரைப் பாத்திக்கே உரமாகட்டும். கழுவி உலர்த்திய பால் உறையும் புட்டியும் விலை போகக்கூடியவை. அவற்றைச் சேர்த்து வைத்துப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுங்கள். அவர்களும் நம்மவரே; அவர்கள் பிழைப்புக்கு அது துணை. பால் உறையை நறுக்கும்போது மூலையைத் தனியே துண்டித்து எறியாமல், ஒட்டியபடியே நறுக்குங்கள்; அச்சிறு துண்டு எவர் கைக்கும் எட்டாமல் மண்ணில் புதைகிறது. கண்ணாடித் துண்டையும் அணையாடையையும் தாளில் நன்கு சுற்றி, மேலே சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே வையுங்கள். துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி அணையாடை பற்றித் தாய்மார்கள் தம் மகள்களோடு வெட்கமின்றிப் பேசுங்கள். துவைக்க நல்ல நீரும் வெயிலில் உலர்த்த இடமும் இருக்கும் வீடுகளுக்கு அது ஏற்றது.

எறியப்பட்ட குவளையில் தேங்கும் மழைநீரிலும் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க. குப்பைத் தொட்டி வைக்கப்படாத தெருவும் வடிகால் இல்லாத தெருவும் பெரும்பாலும் நம் தெருக்களே. எனவே இந்நோயும் முதலில் நம் வாயிலுக்கே வருகிறது.

விருந்தும் எச்சில் இலையும்

நம் இல்லங்களில் எறியும் பொருள் மிகுதியாகக் குவிவது விழா நாள்களில். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, திருமணம், கருமாதி எதுவாயினும், 500 பேர் உண்ணும் விருந்தில் ஆளுக்கு ஐந்து பொருள் எறியப்பட்டால் 2,500 பொருள்கள் ஒரே பொழுதில் குவிகின்றன. மறுநாள் அவை காற்றில் பறந்து வாய்க்காலை அடைகின்றன. மாடும் ஆடும் தின்று துன்புறுகின்றன.

இதற்கு நம் கல்விக் கழகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். கழகத்தின் பேரால் 500 எவர்சில்வர் தட்டுகளும் குவளைகளும், வேண்டிய வாளிகளும் கரண்டிகளும் வாங்கி வைத்து, நம் மக்கள் இல்ல விழாக்களுக்குச் சிறு கட்டணத்தில் தருக. நம்மவர்க்குப் பாத்திரம் வாடகைக்குத் தர மறுத்த காலமும் உண்டு. நமக்கென ஒரு பாத்திர நிலையம் இருப்பது தன்மானத்திற்கும் துணையாகும். எல்லாத் தெருவினரும் அங்கு வந்து வாங்கிச் செல்லட்டும். எவர்க்கும் இல்லை என்று கூறாத நிலையமாக அது விளங்கட்டும். கட்டணத்தில் ஒரு பகுதி, கழுவுவோர்க்கு முறையான கூலியாகவும், எஞ்சியது மாணவர் நூல் நிதிக்கும் செல்லட்டும்.

கழுவுவோர் யார் என்னும் வினாவை விட்டுவிட இயலாது. எச்சில் இலை எடுப்பது நெடுங்காலம் நம் மக்கள்மேல் சுமத்தப்பட்ட வேலை. அதே வேலையை இன்று நம் வீட்டு விருந்தில் நம்மினும் எளியவர் ஒருவர்மேல் நாம் சுமத்துவோமாயின், நாம் கற்ற கல்வியின் பயன் என்ன? உண்டவர் தம் இலையைத் தாமே எடுப்பதும், தம் குவளையைத் தாமே அலம்பி வைப்பதும் நம் விருந்துகளின் வழக்கமாகட்டும். மாவட்ட ஆட்சியர் வந்தாலும் அவ்வாறே. மணமகனின் தந்தையாயினும் அவ்வாறே.

ஆக்குவோர் பொறுப்பு

இவ்வளவும் கூறியதனால், குற்றமெல்லாம் குடும்பங்களுடையது என்று எவரும் கொள்ளற்க. அழியாத உறையில் பண்டத்தை அடைத்து விற்றுப் பொருள் ஈட்டுவோர், அவ்வுறையைத் திரும்பப் பெறும் செலவையும் ஏற்றல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் ஆக்குவோர்க்கும் விற்போர்க்கும் அப்பொறுப்பை வகுத்துள்ளன. அதனை முழுமையாக நிறைவேற்றுமாறு கேட்பது நமது உரிமை. அன்றாடம் குப்பை எடுக்கவும், கையுறையும் காலணியும் தரவும், பணியாளரை நிலையான பணியில் அமர்த்தவும், அடைப்பு நீக்க இயந்திரம் வாங்கவும் உள்ளாட்சி மன்றங்களைக் கேட்பதும் நமது உரிமையே. வீட்டில் பையைக் குறைத்துக்கொண்டே, கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதல் பாதி வேலையே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். குப்பையைக் குறைத்தால் அள்ளுவோரின் கூடை சற்றே இலேசாகும். அந்த இலேசு விடுதலை ஆகாது. ஒருவர் பிறந்த குலத்தைக் கொண்டு அவர் கையில் கூடையைக் கொடுக்கும் வழக்கம் ஒழியும் நாளே விடுதலை நாள். அந்நாளை விரைந்து கொணர்வதற்கே இக்கல்விக் கழகம் 25 ஆண்டுகளாக உழைத்து வருகிறது. தூய்மைப் பணியாளரின் மகள் பொறியாளராகி, மனிதர் இறங்க வேண்டாத கழிவுநீர்க் குழாயை அமைக்கட்டும். அவர் மகன் வேதியியல் கற்று, மண்ணில் மக்கும் உறையை ஆக்கட்டும். அதுவரை, நம் வாசலில் குப்பை எடுக்க வரும் அம்மையாரையும் ஐயாவையும் பெயரறிந்து, முறைசொல்லி அழையுங்கள். அவர் விரல் அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்றும் நம் வீட்டிலிருந்து போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கழகம் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் காண வாழ்த்தி அமைகிறோம்.

ஜெய்பீம்!